மீட்டிங் ரூமில் ஒரு ஆள்

கம்பெனிக்குள் சுவரில் மாட்டுகிற எந்தப் பெட்டியையும் வாட்ச்மேன் சின்னான் நம்பியது கிடையாது. காரணம் இல்லாமல் இல்லை. கைரேகை வைக்கிற பெட்டி வந்தபோது அவருடைய கட்டைவிரலை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. முப்பது வருசமாகக் கேட்டுக் கம்பியும் சாக்கு மூட்டையும் இழுத்துத் தேய்ந்துபோன விரல். காலையில் ஏழெட்டுத் தடவை அழுத்துவார். கடைசியில் இந்த ஆள் இன்றைக்கு வரவில்லை என்று பெட்டி முடிவு கட்டிவிடும். அன்றைக்குக் கேட்டைத் திறந்து அத்தனை பேரையும் உள்ளே விட்டவரே அவர்தான். அப்புறம் கக்கூசுக்கு, ஆள் அசைந்தால் எரிகிற லைட்டுப் போட்டார்கள். உட்கார்ந்து இரண்டு நிமிசத்தில் அணைந்துவிடும். இருட்டுக்குள் கையைத் தூக்கி ஆட்டி ஆட்டித்தான் வந்த வேலையை முடிக்க வேண்டும். "சின்னாண்ணன் உள்ளார பஸ்ஸுக்குக் கை காட்டிட்டு இருக்கறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அயர்ன் மாஸ்டர் ஈஸ்வரமூர்த்தி வாசலில் நின்று கத்துவார்.

ஆகவே மீட்டிங் ரூம் ஏசிக்கும் புதுசாக ஒரு பெட்டி வருகிறது என்றபோது, வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "இது என்ன பண்ணுமாமா?" என்று மட்டும் கேட்டார்.

மாட்ட வந்தவன் அருள்குமார் என்று கோயமுத்தூர்ப் பையன். ஏணியைச் சின்னான் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குள்ள ராடார் இருக்குதுங்ணா. ஏரோப்ளேனுக்கு வெப்பாங்கள்ல, அதுதான், சின்னது. ரூமுக்குள்ள ஆள் இருந்தா ஏசி ஓடும். எந்திரிச்சுப் போயிட்டா அஞ்சு நிமிசத்துல தானா அமந்துக்கும். யாருமில்லாத ரூம்ல ஏசி ஓடித்தானுங்ணா பாதிக் கரண்ட்டு வீணாப் போகுது."

"ஆள் ஆடாம அசையாம உக்காந்திருந்தா? கக்கூசு லைட்டாட்ட அமந்துக்குமா?"

"அதெல்லாம் பழைய மாடலு. இது மூச்சைப் பாத்துரும். நீங்க கல்லாட்ட உக்காந்திருந்தாலும் நெஞ்சு ஏறி எறங்குதுல்ல, அதப் புடிச்சுக்கும்." ஏணிமேல் இருந்தபடியே சிரித்தான். "செத்துப்போனாத்தான் இத ஏமாத்த முடியும்."

சின்னான் சிரிக்கவில்லை.

முதலிபாளையத்தில் இருக்கிற அந்தப் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் வெளிநாட்டுக்காரன். பனியன் எத்தனை பீஸ் என்று கேட்பதோடு இப்போதெல்லாம் அவன் நிறுத்துவதில்லை. எத்தனை யூனிட் கரண்ட்டு எரித்தாய், போன வருசத்தைவிட எவ்வளவு குறைத்தாய் என்றும் கேட்கிறான். அடுத்த வாரம் வியாழக்கிழமை அதற்கென்றே ஆடிட் வருகிறது. சின்ன முதலாளி சதீஷ்குமார் ஆறு ரூமுக்குப் பெட்டி வாங்கிப் போட்டது அதற்காகத்தான். ஐந்து ரூமில் பெட்டி சொன்னபடி நடந்துகொண்டது. ஆறாவது மீட்டிங் ரூம்.

மீட்டிங் ரூம், பனியனில் ஓட்டை பார்க்கிற செக்கிங் டேபிளுக்கு எதிரே இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே நின்றே உள்ளே மாட்டியிருக்கிற பெட்டியைப் படித்துவிடலாம். மேலே குளிர் எவ்வளவு என்று ஒரு எண். கீழே மனுசன் மாதிரி ஒரு குட்டிப் பொம்மை, அதன் பக்கத்தில் உள்ளே எத்தனை பேர் என்று இன்னொரு எண். சின்னானுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எண் தெரியும்.

பெட்டி மாட்டிய மூன்றாம் நாள் சதீஷ்குமார் அவரைக் கூப்பிட்டான்.

"சின்னாண்ணா, தெனமும் பத்தே முக்காலுக்கு மீட்டிங் ரூமுக்குள்ள ஒரு ஆள் போறாங்க. பன்னெண்டரை வரைக்கும் ஏசி ஓடுது. பாருங்க, போன்லயே காட்டுது. சாவி உங்ககிட்டத்தான் இருக்குது."

"நானு போகலீங்க."

"வெயில் காலம். நான் தப்பா எடுத்துக்கலீங்ணா. படுக்கறதுன்னா சொல்லிட்டுப் படுங்க."

"படுக்கோணும்னா எனக்குக் கேட்டுக்கிட்ட கயித்துக் கட்டல் இருக்குதுங்க. அந்தக் குளுருல படுத்தா முட்டி புடிச்சுக்கும். என்ற பேச்சை நம்புவீங்களா, அந்தப் பொட்டி பேச்சை நம்புவீங்களா?"

சதீஷ்குமார் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்தரைக்கே அருள்குமாரை வரவழைத்து, ரூமைப் பூட்டி, அன்றைக்கு மட்டும் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றான். சின்னானையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். செக்கிங் பெண்களெல்லாம் பீஸைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே நீள மேசை, பத்து நாற்காலி, ஒரு டிவி. ஈ, எறும்பு கிடையாது. பொம்மைக்குப் பக்கத்தில் பூச்சியம்.

பத்தே முக்காலுக்கு ஒன்று என்று மாறியது. ஏசி உறுமிக்கொண்டு கிளம்பியது.

செக்கிங் பெண்களில் பூங்குழலிதான் முதலில், சின்னானைப் பார்த்து வாயைத் திறந்தாள். "மாமா, பேயிக்குக்கூட ஏசி கேக்குது பாருங்க. நமக்கு ஃபேனையே கையில சுத்தி உட்டாத்தான் சுத்துது." அத்தனை பேரும் குபீரென்று சிரித்தார்கள்.

சின்னான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

அருள்குமார் தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கப் பார்த்தான். டிவி ஒயரைப் பிடுங்கினான். ஜன்னல் திரையைக் கழற்றினான். ஏசிக் காத்துக்குத் துணி ஆடினால் ராடார் அதை ஆள் என்று நினைத்துக்கொள்ளுமாம். மேல்கூரைத் தட்டியைப் பிரித்து எலி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தான். கடைசியில் பெட்டியையே மாற்றிப் புதுசு மாட்டினான். அதுவும் மறுநாள் பத்தே முக்காலுக்கு ஒன்று என்றது.

அப்போதுதான் அவன் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணா, சித்தெ உள்ள போயி உக்காருங்க. உங்க மூச்சு எப்படித் தெரியுதுன்னு பாக்கறேன்" என்றான். மணி மூன்று. ரூம் காலியாக இருக்கிற நேரம். சின்னான் போய் உட்கார்ந்தார். வெளியே வந்தபோது லேப்டாப்பில் ஒரு கோடு, ஏரித் தண்ணீர் அலம்புகிற மாதிரி மெதுவாக ஏறி இறங்கியிருந்தது.

"இது உங்களுது. வயசுக்கு நல்ல மூச்சுங்ணா. இப்ப இதப் பாருங்க, காத்தால வந்தது."

அந்தக் கோடு வேறு மாதிரி. சின்னச் சின்னதாக, நெருக்கி நெருக்கி, மேலே ஏறினால் இறங்க மாட்டாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. போகப் போக ஏற்றமெல்லாம் குட்டையானது. பிறகு நடுநடுவே ஒன்றுமே இல்லை. மறுபடி ஒரு துள்ளல். பன்னிரண்டரைக்கு ஒரே நேர்க்கோடு.

"துணி ஆடுனா இப்படி வராதுங்ணா. எலியும் இப்படிக் கெடையாது. இளைப்புக்காரங்க மூச்சாட்டவே இருக்குது. எங்கப்பாவுக்கு இப்படித்தான்," என்றான் அருள்குமார். "அது கெடக்குது. ஆள் எந்திரிச்சுப் போனா கோடு டக்குன்னு அந்துரும். இது அந்துபோகல. தேஞ்சு போகுது. அதுதான் எனக்குப் புரியல."

சின்னானுக்குப் புரிந்தது.

மீட்டிங் ரூம் பதினாறு வருசத்துக்கு முன்னால் வேஸ்ட் குடோன். கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணியும் பஞ்சுத் தூசியும் கூரை வரைக்கும் கிடக்கும். ஜன்னல் கிடையாது, ஒரு தகரக் கதவு. அன்றைக்கெல்லாம் கம்பெனியில் பாதிப் பேருக்குப் பதிவில் பேர் இருக்காது. ஆடிட் ஆள் கணக்குப் பார்க்க வந்தால் அவர்களைப் பின்பக்கம் சோளக்காட்டுக்குள் அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான். ஆடிட் கார் போனதும் சின்னான் விசில் அடிப்பார், சனம் சிரித்துக்கொண்டே திரும்பி வரும்.

மருதாள் பதிவில் இல்லாதவள். சின்னானுக்கு அவிநாசிபாளையத்து ஊர்க்காரி, அண்ணா அண்ணா என்று கூப்பிடுவாள். அன்றைக்கு இரண்டு பஸ் மாறி அவள் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். ஆடிட் கார் கேட்டுக்குள் திரும்பிவிட்டது. பெரிய முதலாளி லிங்கசாமி மாடிப்படியில் இருந்து, "டே சின்னா, அவள எங்கியாச்சும் தள்ளுடா!" என்றார். சின்னான் அவளைக் குடோனுக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டார். அரை மணி நேரம் என்று நினைத்தார். அப்போது மணி பத்தே முக்கால். இளைப்பு உள்ள பொம்பளை என்பது அவருக்குத் தெரியும். ஆடிட்டர் வந்து இதற்குள் என்ன என்று கேட்டபோது, "வேஸ்ட்டுத்தானுங்க. யாருமில்லீங்க" என்றார். கார் போனபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

கதவைத் திறந்து, அவரும் முதலாளியின் டிரைவரும் பின் கேட் வழியாகத் தூக்கிப்போய், பஸ் நிற்கிற இடத்தில் புளியமரத்தடியில் கிடத்தினார்கள். அப்புறம் யாரோ பார்த்த மாதிரி சின்னானே சத்தம் போட்டார். இளைப்பு வந்து ரோட்டில் விழுந்துவிட்டாள் என்று ஊர் நம்பியது. கம்பெனிக்குள் அவள் வந்ததற்கு எந்தப் புத்தகத்திலும் எழுத்து இல்லை. டிரைவர் செத்தான், லிங்கசாமியும் செத்தார். பாக்கி இருந்தது சின்னான் ஒருவர்தான்.

பூங்குழலி மருதாளின் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. பெரியவளானதும் அவளை இங்கே செக்கிங்கில் சேர்த்துவிட்டதும் சின்னான்தான். மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்வது, போனுக்கு ரீசார்ஜ் போடுவது எல்லாம் அவள். உண்மையைச் சொன்னால் கேட்டுப்பக்கத்து ரூமை விட்டு எழுபது வயசில் தெருவுக்குப் போக வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் மாமா என்று கூப்பிடுவது நின்றுபோகும். அதற்குத்தான் அவர் பதினாறு வருசமாக வாயை மூடியிருந்தார். இனிமேலும் மூடிக்கொண்டிருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதைத் தினமும் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புரிந்தபிறகும், பெட்டியில் கோளாறு என்பதை அவர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்குக் கம்பெனி லீவு. நல்ல வெயில். மிசின் சத்தம் கிடையாது, ஆள் கிடையாது. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் செருப்பைக் கழற்றுகிற மனுசன் அவர். பத்தரைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

பூச்சியம்.

ஒன்று.

ஏசி கிளம்பியது. காத்து முகத்தில் அடித்தது. அந்தக் காத்தில் பஞ்சுத் தூசி வாசம் இருந்தது. புதுத்துணி வாசம் இல்லை, மக்கிப்போன கட்டிங் வேஸ்ட்டு வாசம். டைல்ஸ் போட்டு, பெயிண்ட் அடித்து, வருசம் பன்னிரண்டு ஆகிவிட்ட ரூமில் அது எப்படி வரும்? சின்னான் தும்மினார். கதவைச் சாத்திவிட்டு, செக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு அது பூச்சியம் ஆகிற வரைக்கும் அங்கேயே நின்றார். ஏசி அணைந்ததும் கட்டடம் முழுக்க ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதை அவர் முன்னேயே ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் சதீஷ்குமார் அவரைக் கூப்பிட்டு எதிரே நாற்காலி போடச் சொன்னான். அப்படிச் சொல்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. சின்னான் நின்றுகொண்டார்.

"நாளைக்கு ஆடிட் பத்தரைக்கு வருதுங்ணா. பொட்டிய அமத்தி வெக்க முடியாது, ஓடறதப் பாக்கத்தான் வராங்க. காலி ரூம்ல ஒரு ஆள்னு காட்டுனா, மத்த அஞ்சு ரூம்ல மிச்சம் பண்ணுனதையும் நம்ப மாட்டாங்க. ஆர்டர் போயிரும். அதனால நீங்க உள்ள போயி உக்காந்துக்குங்க. அது ஒரு ஆள்னு காட்டும், உள்ள ஒரு ஆள் இருப்பாங்க. சேம்பிளை மடிச்சு வெக்கறீங்கன்னு சொல்லிக்கறேன்."

"ஏனுங்க மொதலாளி, இத்தன பேரு இருக்கறாங்க. என்னைய எதுக்குங்க?"

சதீஷ்குமார் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினான். "ஆடிட் நாள்ல என்ன பண்ணோணும்னு உங்களுக்கு அப்பா காலத்துலயே பழக்கம். இத வேற யாருகிட்டயும் சொல்ல முடியாதுங்ணா."

அவனுக்கும் தெரியும். சின்னான் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் பேனாவைத்தான் பார்த்தான். செத்துப்போவதற்கு முன் அப்பன் மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். எதற்குச் சொன்னானோ, பாரம் இறங்கவா, இல்லை இந்தக் கிழவன் வாயைப் பார்த்துக்கொள் என்று எச்சரிக்கவா.

"சரிங்க," என்றார்.

வியாழக்கிழமை பத்தரைக்கு அவர் உள்ளே போனார். மேசைமேல் இருபது முப்பது சேம்பிள் பனியன் குவித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். வெளியே பூங்குழலி ஒரு பனியனை லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கண்ணை உருட்டி, உள்ளே பேய் இருக்கிறது என்பது மாதிரி நாக்கை நீட்டினாள். இருபத்தைந்து வயசில் இப்படி ஒரு குறும்பு. மருதாளும் இப்படித்தான்.

பெட்டி ஒன்று என்றது. அது அவர்.

பத்தே முக்காலுக்கு இரண்டு ஆனது.

ஏசி வேகம் எடுத்தது. சதீஷ்குமார் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் சின்னானுக்கு உறைத்தது. ஒரு ஆளை மறைக்க இன்னொரு ஆளை உள்ளே விட்டால் எண் கூடத்தானே செய்யும்? படித்த முட்டாள்.

மேசையைச் சுற்றிப் பத்து நாற்காலியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் காலி. பார்க்கிற நேரத்தில் காலியாக இருந்தது. பார்வையை எடுத்ததும் அது காலியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. பனியனை மடித்தார். மடிப்புக் கோணிக்கொண்டது. மக்கின வேஸ்ட்டு வாசம் மெல்ல மெல்ல ஏறியது. தொண்டையில் நூல் சிக்கின மாதிரி இருந்தது.

ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார். அசையவில்லை. கண் இருட்டுகிற வரைக்கும் பிடித்தார். இரண்டு ஒன்று ஆனது. அவர் கணக்கில் இல்லை. அந்த ரூமில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவர் இல்லை. மூச்சை விட்டார். மறுபடி இரண்டு.

"மருதா," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் பூட்டுனேன்."

காலுக்குக் கீழே டைல்ஸ் தரை சில்லென்று இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஆடிட் ஆட்கள் வந்தார்கள். சென்னையில் இருந்து ஒரு அம்மா, கையில் டேப்லட். கூட வெள்ளைக்காரன் ஒருவன். சதீஷ்குமார் கதவைத் திறந்து, "இது மீட்டிங் ரூம். சேம்பிள் வேலை நடக்குது," என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பார்த்தான். வாய் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மாவும் பார்த்தாள். "ரெண்டு பேர்னு காட்டுதே. ஐயா, நீங்க மட்டுந்தான இருக்கீங்க?"

கதவு திறந்திருந்தது. செக்கிங் டேபிள் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னான் எழுந்து நின்றார்.

"இல்லீங்க. இன்னொரு ஆளு இருக்குதுங்க."

"எங்க?"

"இங்கதானுங்க. பொட்டி சரியாத்தான் சொல்லுது. நாந்தான் இத்தன நாளும்..."

"வயசாயிருச்சுங்க மேடம்," என்றான் சதீஷ்குமார், இரண்டடி முன்னால் வந்து. சிரித்தான். "நம்ம வாட்ச்மேன். சும்மா வெளையாடுவாரு. ராடார் செல நேரம் ஏசிக் காத்துக்கே ஒரு ஆளைச் சேத்துக்குது. பொட்டிக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லியிருக்கோம்."

அந்த அம்மா சின்னானை ஒரு நிமிசம் பார்த்தாள். அவளுக்கு ஏழு கம்பெனி பார்க்க வேண்டியிருந்தது. டேப்லட்டில் தட்டிக்கொண்டே, "சென்சார் கோளாறு, சரி பண்ணணும்னு எழுதிக்கறேன். பெரிய பிரச்சினை இல்ல," என்றாள். வெள்ளைக்காரன் சேம்பிளில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தான். போய்விட்டார்கள். அவ்வளவுதான். பதினாறு வருசம் தொண்டைக்குள் இருந்ததைத் துப்பினால், அதற்குக் கோளாறு என்று பேர் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

சதீஷ்குமார் மட்டும் திரும்பி வந்து கதவுக்குள் தலையை நீட்டினான். "வெளிய வாங்க. மத்தியானத்துக்கு மேல ஊட்டுக்குப் போங்க, ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

"எனக்கு ஊடு இதுதானுங்க," என்றார் சின்னான். "நீங்க போங்க. பன்னெண்டரை ஆகட்டும்."

அவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

மிச்ச நேரம் அவர் மடிக்கவில்லை. பெட்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினாறு வருசத்துக்கு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். இப்போது இந்தப் பக்கம். பன்னிரண்டு இருபதுக்கு மேல் எண் தடுமாறத் தொடங்கியது. இரண்டு, ஒன்று, இரண்டு. ஒன்று. ரொம்ப நேரம் ஒன்று. மறுபடி இரண்டு என்றபோது சின்னான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "விடாத, விடாத, மூச்ச இழு," என்று அவர் சொன்னது வெளியே கேட்டிருக்காது. பன்னிரண்டரைக்கு ஒன்று என்று நின்றது. அதற்கு மேல் மாறவில்லை. ரூமில் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது.

பூங்குழலி சைக்கிள் ஸ்டேண்டுப் பக்கம் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். "வாங்க மாமா. பேயி என்ன சொல்லுச்சு? சம்பளம் ஏத்திக் கேட்டுச்சா?"

சின்னான் உட்காரவில்லை.

"கண்ணு, உங்கம்மா ரோட்டுல சாகல."

அவள் கையில் இருந்த மூடி அப்படியே நின்றது.

"இங்க செத்தா. அந்த மீட்டிங் ரூம் அப்ப குடோனு. ஆடிட் வந்துச்சு. அவ பேரு பதிவுல இல்ல. உள்ள உட்டுப் பூட்டியாச்சு. இளைப்பு வந்து செத்துப்போனா. நாங்கதான் தூக்கிட்டுப் போயி மரத்தடியில போட்டோம்."

சொல்லி முடிக்க அவ்வளவுதான் நேரம் ஆனது. இத்தனை வருசம் அதை ஏதோ மலை மாதிரி நினைத்திருந்தார்.

பூங்குழலி அழவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து மூடினாள்.

"யாரு பூட்டுனது?"

"நாந்தான்."

"மொதலாளி சொன்னாரா?"

"எங்கியாச்சும் தள்ளுடான்னாரு. பூட்டச் சொல்லல. பூட்டுனது நானா பண்ணுனது."

அவள் எழுந்து, கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்தாள். அவள் அண்ணன் பூபாலன் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன். பல்லடம் பக்கம் சரக்கு இறக்கப் போயிருந்தான். "அண்ணா, வண்டிய ஓரங்கட்டு," என்றாள். குரல் கனமாக இருந்ததே தவிர உடையவில்லை. "ஓரங்கட்டிட்டியா? சின்னான் பேசறாரு. கேளு." ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப எங்கிட்டச் சொன்னத மறுக்காச் சொல்லுங்க. ஒண்ணையும் உடாமச் சொல்லுங்க."

சின்னான் என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

அவர் முதலில் இருந்து தொடங்கினார். பஸ் லேட்டானது, கார் வந்தது, தள்ளுடா என்றது. பூட்டு வரைக்கும் வந்தபோது, ஒன்றை விட்டுவிட்டது அவருக்கு நினைவு வந்தது. வேண்டுமென்று விடவில்லை. அதை விட்டுவிட்டுச் சொல்லிப் பழகியிருந்தார், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட.

"தட்டுனா," என்றார். "உள்ளார இருந்து கதவத் தட்டுனா. அண்ணா, மூச்சு முட்டுதுன்னா. மூணு நாலு தடவ தட்டுனா. ஆடிட்டருக கட்டிங் டேபிளுக்கிட்ட வந்துட்டாங்க. நானு தகரத்துல வாய வெச்சு, சத்தம் போடாத மருதா, அவிய போயிரட்டும், சத்தம் போட்டா எல்லாருக்கும் வேல போயிரும்னேன்."

போனில் லாரி ஒன்று கடந்து போகிற சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றான் பூபாலன்.

"அப்புறம் அவ தட்டல. சொன்ன பேச்சக் கேட்டுக்கிட்டா."

பூங்குழலி கையில் இருந்த போன் அவர் தாடையில் இடித்தது. அவள் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க இருக்கறீங்க?" என்றான் பூபாலன்.

"கம்பெனிலதான்."

"எங்கயும் போயிராதீங்க. நான் வரேன்."

தாய்மாமன் முறைக்கு ஆள் இல்லை என்று, காது குத்தும்போது சின்னான் தன் மடியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்ட பையன் அவன். 'டே' போட்டே கூப்பிட்டுப் பழக்கம்.

"சரீங்க," என்றார் சின்னான். "இங்கயேதான் இருக்கறனுங்க."